ஹுசைன் நானாவின் விதவுட் பிரெஜுடிஸ்

மாத்தளையில் அந்தக் காலத்தில் தலை இல்லாத கடிதம் கிடையாது. முஸ்லிம் ஆள் எழுதினால் உச்சியில் பிஸ்மிக்குப் பதிலாக 786 இருக்கும். இந்து ஆள் எழுதினால் பிள்ளையார் சுழி இருக்கும். பெண்டாட்டியோடு கோபித்துக்கொண்டு மாமனாருக்கு எழுதுகிற வசைக் கடிதத்துக்குக்கூட மேலே மங்கலக் குறி போட்டுவிட்டுத்தான் கீழே ஏசத் தொடங்குவார்கள். ஊர் அப்படி ஒரு மரியாதையான ஊர்.

ஆகவே ஹுசைன் நானாவுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் பிழை சொல்ல முடியாது. இங்கிலீசுக் கடிதத்துக்குத் தலையில் என்ன போடுவது?

ஹுசைன் நானா கராம்பு, ஏலம், சாதிக்காய் வாங்கி விற்கிறவர். கடையில் நுழைந்து வெளியே வருகிற பூனைக்கும் கராம்பு மணக்கும். அவருடைய இங்கிலீசு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன இங்கிலீசு. ஆனாலும் கொழும்புக் கம்பனிகளுக்கு அவரே தன் கைப்பட எழுதுவார். முதலில் இங்கிலீசுக்கும் 786தான் போட்டுப் பார்த்தார். ஒரு கம்பனிக்காரர் திருப்பி எழுதினார்: 'தங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட 786 மூட்டையும் எப்போது வந்து சேரும்?' மாத்தளை முழுக்க உலுப்பினாலும் அந்த வருஷம் 786 மூட்டை ஏலம் உதிராது. நானா இங்கிலீசுக் கடிதத்தை மொட்டைத் தலையோடு அனுப்பத் தொடங்கினார். ஆனால் மனசு ஒப்பவில்லை.

விடை 1951ஆம் ஆண்டு தபாலில் வந்தது. பலாபத்வலையில் அவருக்கு ஒரு துண்டு மிளகுத் தோட்டம் இருந்தது. பக்கத்துக் காணிக்காரரோடு வேலிச் சண்டை. அந்த ஆளுக்காக வழக்குப் பேசும் புரொக்டர் நானாவுக்கு ஏழு கடிதம் அனுப்பினார். கீழே விஷயம் ஒவ்வொரு முறையும் மாறியது. ஒன்றில் மிரட்டல், அடுத்ததில் தன்மை, கடைசியில் இரண்டு கமுக மரத்தை விட்டுக்கொடுத்தால் போதும் என்ற சமாதானம். ஆனால் ஏழு கடிதத்துக்கும் உச்சியில், நட்ட நடுவில், பெரிய எழுத்தில், கீழே கோடு இழுத்து அதே இரண்டு சொல் இருந்தது: விதவுட் பிரெஜுடிஸ்.

நானா இரண்டு கமுக மரத்தைக் கொடுத்துவிட்டு அந்த இரண்டு சொல்லை எடுத்துக்கொண்டார். லாபமான வியாபாரம் என்று நினைத்தார்.

"இஞ்ச பாரு மஸீஹா," என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "வெள்ளக்காரனுக்கும் ஒரு பிஸ்மி ஈக்கிது. இவ்வளவு நாளும் எனக்கு ஒருத்தனும் சொல்லல்ல."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"786க்கு அகராதி பாக்கிற ஆள எங்கயாலும் கண்டிருக்கியா? தலையில போடுறது போடுறதுதான்."

அதற்குப் பிறகு நானாவின் இங்கிலீசுக் கடிதம் ஒன்றுகூட மொட்டைத் தலையோடு வெளியே போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த நாள் தொடக்கம் அவருக்கு மரியாதை கூடியது. கடை வாசலுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டி நகர சபைக்கு ஒரு கடிதம் போட்டார். ஒரே வாரத்தில் மூன்று பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, அவரை ஐயா என்று கூப்பிட்டு, குழாயைப் பற்றி நானா வேறு யாரிடமாவது பேசியிருக்கிறாரா என்று பதவிசாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். கம்பனிக்காரர்களும் பதிலில் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணி எழுதினார்கள். இரண்டு சொல்லில் இவ்வளவு பறக்கத்தா, இவ்வளவு அருளா என்று நானா அதிசயப்பட்டார். அடுத்த கடிதங்களில் இரண்டு கோடு இழுத்தார்.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. அந்த ஆறு வருஷத்தில் இதைக் கண்டுபிடித்து அவர் காதைத் திருகியிருக்க வேண்டிய ஒரே மனிதர் அழகையா. ஆனால் அழகையாவுக்கு நானா ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஞாயிறு தோறும் சந்திக்கிறவர்களுக்குத் தபால் எதற்கு?

அழகையா இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கமாக, தண்ணிமலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் மாத்தளைக்கு வந்து இறங்குவார். கோட்டு, வேட்டி, கையில் பை. பைக்குள் மஸீஹாவுக்கு ஒரு பொட்டலம் தோட்டத்துத் தேயிலை, நானாவுக்குத் துரை பங்களாவில் வாசித்து முடித்த ஒரு வாரத்து இங்கிலீசுப் பேப்பர். கராம்பு மூட்டை மேல் உட்கார்ந்து அழகையா பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். நானா உலக விவகாரங்களுக்குத் தீர்ப்பு வழங்குவார். சூயஸ் கால்வாயை என்ன செய்வது என்று இரண்டு பேரும் அந்த மூட்டை மேல் இருந்து முடிவெடுத்தது மஸீஹாவுக்குத் தெரியும். எகிப்துக்குத்தான் தெரியாது. பகல் சாப்பாடு முடிந்து நாலு மணி பஸ் வரைக்கும் அந்தக் கடையில் சிரிப்பு ஓயாது. நினைத்துப் பார்த்தால், அப்படிப்பட்ட ஞாயிறுகள் பிறகு எந்தப் பஸ்ஸிலும் வரவில்லை.

ஆனால் நானாவிடம் ஒரு குறை உண்டு. அவருடைய வாய்க்கும் மூளைக்கும் நடுவில் காவல்காரன் இல்லை. சிரிப்பு வரக்கூடிய இடம் என்று கண்டால் வாய் முதலில் போய் நின்றுவிடும். நானா மூச்சிரைக்கப் பின்னால் வருவார்.

1957இல் தண்ணிமலைத் துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பினார். பிரிவுபசாரக் கூட்டத்துக்கு மாத்தளையிலிருந்து வியாபாரிகளையும் கூப்பிட்டிருந்தார்கள். நானாவும் புதுச் சாரமும் தொப்பியுமாகப் போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். தோட்டத்தின் சார்பில் அழகையா இங்கிலீசில் பேசினார். மூன்று பக்கம், தானே எழுதி, தானே டைப் அடித்தது. முதல் பக்கம் கம்பீரமாகப் போனது. இரண்டாம் பக்கத்தில், 'இந்த மண்ணையே தன் வீடாகக் கொண்ட' என்ற இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் உடைந்தது. பிறகு அத்தனை பேருக்கு முன்னால், கோட்டுப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். துரை எழும்பி வந்து தோளில் தட்டினார். மூன்றாம் பக்கம் வாசிக்கப்படவே இல்லை.

துரை போகிறார் என்று கிளாக்கர் அழுத கதை மலையிலிருந்து மாத்தளைக்கு அவருக்கு முன்பே இறங்கி வந்துவிட்டது. அடுத்த நாள் நல்லையாவின் சலூனில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹுசைன் நானாவிடம் நாலு பேர் கேட்டார்கள்.

"நானா, நீங்க நேர்ல பாத்தீங்களாமே. எப்படி அழுதாரு?"

அவ்வளவுதான். வாய் புறப்பட்டுவிட்டது. நானா அரைத் தாடி சவர்க்கார நுரையோடு எழுந்து நின்றார். நல்லையாவின் துவாயை எடுத்தார். 'இந்த மண்ணையே...' என்று இங்கிலீசில் தொடங்கி, விக்கி, துவாயால் கண்ணைத் துடைத்து, மறுபடி 'இந்த மண்ணையே...' என்றார். சலூன் உருண்டு சிரித்தது. மூன்றாம் முறை துவாயைக் கண்ணிலிருந்து எடுத்தபோது எதிரே கண்ணாடிக்குள் அழகையா நின்றார்.

நானா துவாயோடு திரும்பினார். அழகையா வாசற்படியில் நின்றார். திங்கட்கிழமை. திங்கட்கிழமைகளில் அழகையா மாத்தளைக்கு வந்ததே இல்லை. நுரை நானாவின் கழுத்தில் வழிந்தது.

"கிளாக்கரய்யா, சும்மா ஒரு பகிடிக்கு..."

"என் இங்கிலீச வச்சுத்தானே பகிடி?" அழகையாவின் குரல் உயரவே இல்லை. "அப்ப மன்னிப்பும் இங்கிலீசுல வேணும். எழுத்துல. வாயால சொல்றது ஒங்ககிட்ட எனக்கு வேணாம் நானா. வாய்க்கு ஒங்ககிட்ட என்ன பெறுமதி?"

போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பத்து மணி பஸ் வந்தது. அழகையா இறங்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இறங்கவில்லை. நானா பஸ் நிற்கும் இடத்துக்கே போய் நின்று, தற்செயலாக வந்தவர் மாதிரி வானத்தைப் பார்த்தார். கடைசி ஆள் இறங்கும் வரைக்கும் வானத்தில் பார்ப்பதற்கு நிறைய இருந்தது. கடைக்குத் திரும்பி மூட்டை மேல் உட்கார்ந்தால், உலகத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை.

"எழுதுங்களேன்," என்றாள் மஸீஹா. "அந்த மனிசன் கேட்டது ஒரு கடுதாசிதானே. ஒங்கட வாய்க்கு அது சின்ன அபராதம்."

மூன்று நாள் அகராதியோடு மல்லுக்கட்டி நானா எழுதினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'ஐயா, என் வாய்க்குக் கதவு இல்லை. சலூனில் நான் செய்தது பெரிய பிழை. உங்கள் பேச்சு நல்ல பேச்சு. அதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்காதவன்தான் சிரித்தான். நீங்கள் வராத ஞாயிறு நீளமாக இருக்கிறது. என்னை மன்னிக்க வேண்டும்.' எழுதும்போது ஓர் இடத்தில் தாள் நனைந்துவிட்டது. வேறு தாளில் மறுபடி எழுதினார். வாழ்க்கையில் அவர் எழுதிய கடிதங்களிலேயே பகிடி இல்லாத கடிதம் அதுதான். அவ்வளவு முக்கியமான கடிதத்தைத் தலை இல்லாமல் அனுப்புவாரா? உச்சியில், நட்ட நடுவில், பெரிய எழுத்தில், மூன்று கோடு இழுத்து, விதவுட் பிரெஜுடிஸ் என்று போட்டார். கண்ணை மூடி ஒரு துஆவும் ஓதித் தபாலில் சேர்த்தார்.

பதில் தோட்டத்துத் தாளில், டைப் அடித்து, இலக்கம் போட்டு வந்தது. நானாவுக்கு அது முழுக்கப் பிடிபடவில்லை. ஆனால் அதன் குளிர் விரலில் பட்டது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு புரொக்டரிடம் கிளாக்காக வேலை பார்க்கும் அப்துல் ஸமத்தைத் தேடி ஓடினார். ஸமத் தேநீர்க் கடையில் இருந்தார்.

"'ஐயா,'" என்று ஸமத் வாசித்துத் தமிழ்ப்படுத்தினார். "'விதவுட் பிரெஜுடிஸ் எனத் தலைப்பிட்ட தங்கள் கடிதம் கிடைத்தது. அந்தத் தலைப்பைப் பார்க்குமிடத்து, அதனை ஒரு மன்னிப்பாக ஏற்பதற்கில்லை என அறியத் தருகிறேன்.' நானா, நீங்க அந்தாளுக்கு என்னத்த எழுதினீங்க?"

"மன்னிப்புத்தான் ஸமத்."

"தலைப்புல?"

"எல்லாரும் போடுறததான் போட்டேன். இங்கிலீசுப் பிஸ்மி."

ஸமத் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். வைத்தது நல்லதாகப் போயிற்று. அடுத்த ஐந்து நிமிஷம் அவரால் எதையும் பிடிக்க முடியவில்லை. சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நானா, அது பிஸ்மி இல்ல. சண்டை போடுற ரெண்டு பேர் வழக்கெண்டு கோட்டுக்குப் போகாம வெளியில தீர்க்கப் பேசுறப்ப புரொக்டர்மார் போடுற சொல்லு. 'இப்ப நான் எறங்கி வந்து எழுதுறன். ஆனா நாளைக்கு இந்தக் கடுதாசியக் கொண்டுபோய்க் கோட்டுல எனக்கு எதிரா காட்டப்படாது' எண்டு அர்த்தம். போட வேண்டிய எடத்துல போட்டா அருமையான சொல்லு. ஒங்கட வேலிச் சண்டைக்கு அது ரொம்பச் சரி."

"மன்னிப்புக்குப் போட்டா?"

"மன்னிப்புக் கேட்டன், ஆனா கேக்கல்ல."

நானா பலகையில் உட்கார்ந்தார். ஆறு வருஷத்துக் கடிதங்கள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் தலையோடு வந்து நின்றன. குழாய்க்கு எழுதியது. தெரிந்த உத்தியோகத்தர் ஒருவருடைய தாயார் மவுத்தானபோது அனுதாபம் சொல்லி எழுதியது. 'தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன், ஆனால் இதைப் பிறகு எனக்கு எதிராகக் காட்டக் கூடாது.' அந்த மனிதர் ஏன் அதற்குப் பிறகு வீதியைக் கடந்து மறுபக்கமாக நடக்கிறார் என்று நானா இவ்வளவு நாளும் யோசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மஸீஹாவிடம் சொன்னார். மஸீஹா சிரிக்கவில்லை. யோசித்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். மகள் ஸரீனாவின் கலியாண அழைப்பு. ஊருக்கெல்லாம் தமிழில் அடித்தது போக, பெரிய உத்தியோகத்தர்மாருக்கென்று ஐம்பது அட்டை இங்கிலீசில் அடித்திருந்தார்கள். அதில் மிஞ்சிய ஒன்று. உச்சியில் பொன் எழுத்தில் விதவுட் பிரெஜுடிஸ் மின்னியது. அச்சுக்காரர் அப்போதே, "இது வேணுமா நானா?" என்று கேட்டார். பிஸ்மி இல்லாமல் கலியாணமா என்று நானா போட்ட சத்தத்தில் எழுத்தை இரண்டு அளவு பெரிதாக்கிக் கொடுத்துவிட்டார்.

"அதுதான் அந்த அம்பது பேர்ல ஒருத்தரும் வரல்ல," என்றாள் மஸீஹா. "நாப்பது கோழி மிஞ்சிச்சி. கொண்டுபோய்க் காட்டுங்க. அந்த மனிசனுக்கு விளங்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானா மேலே போகிற பஸ்ஸில் ஏறினார். இருபது வருஷத்தில் அழகையாதான் கீழே வந்தார். நானா மேலே போனது கூட்டத்துக்கு மட்டுந்தான். இரத்தோட்டையில் தேங்காயும் மண்ணெண்ணெயுமாகத் தோட்டத்துச் சனம் ஏறியது. அதற்கு மேலே வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. தண்ணிமலை முடக்கில் இறங்கியபோது பனி மூடி, தேயிலை, வீடு, பாதை எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. சட்டைப் பையில் அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நானா நடந்தார். இவ்வளவு தூரத்தை ஒரு மனிதர் ஒவ்வொரு வாரமும் தன்னுடைய பகிடியைக் கேட்க இறங்கி வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவர் காலுக்குத் தெரிந்தது.

குவாட்டர்ஸ் வாசலில் அழகையாவின் மனைவி கிருஷ்ணம்மா, "வாங்க நானா," என்றாள். உள்ளே கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த அழகையா, "வாங்க," என்றார். நானா என்ற சொல் அதில் இல்லை.

"என்ன விசயமா வந்தீங்க?"

"அந்தக் கடுதாசி விசயமா..."

"அது பதிவாயிருச்சி. பதிலும் அனுப்பியாச்சி."

"கிளாக்கரய்யா, மேல போட்ட ரெண்டு சொல்லு நான் தெரியாமப் போட்டது."

"தெரியாமயா? நடுவுல, பெரிய எழுத்துல, மூணு கோடு இழுத்து? யூனியனுக்குத் தோட்டத்துலருந்து போற காயிதத்துல இந்தக் கையால எத்தன தடவ டைப் அடிச்சிருக்கேன். எந்தப் புரொக்டரு எழுதித் தந்தாரு? அத மட்டும் சொல்லுங்க."

"வல்லாஹி, புரொக்டர் இல்ல. நான் அத 786 எண்டு நெனச்சேன்."

அழகையா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடியும் சிரிக்கத்தான் பஸ் ஏறி வந்தீங்களா நானா?"

ஹுசைன் நானா தன் வாழ்நாளில் சொன்ன உண்மைகளிலேயே இதுதான் பொய்யைவிட மோசமாகத் தெரிந்தது. இருபது வருஷமாகச் சேர்த்து வைத்த பகிடி முழுவதும் அந்த அறைக்குள் வந்து தனக்கு எதிராகச் சாட்சி சொல்வது போல இருந்தது. அட்டையை எடுத்து நீட்டினார்.

அழகையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். தேதியைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"என்னங்க போட்டிருக்கு?" என்றாள் கிருஷ்ணம்மா, தேத்தண்ணித் தட்டோடு.

"'திருவாளர் ஹுசைன் தம்பதி தங்கள் மகள் திருமணத்துக்கு உங்கள அன்போட அழைக்கிறாங்க.'"

"நல்லாத்தானே இருக்கு."

"'ஆனா இப்புடி அழைச்சத வச்சு, பிற்பாடு அவங்க மேல யாரும் வழக்குப் பேசப்படாது.'"

கிருஷ்ணம்மா தட்டை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழகையாவின் மீசை ஒரு பக்கம் துடித்தது. மற்றப் பக்கத்தைப் பிடித்து அடக்கப் பார்த்தார்.

"எத்தன பேருக்கு அனுப்புனீங்க?"

"அம்பது. எல்லாம் பெரிய பெரிய ஆக்கள்."

"அதான் அன்னைக்குப் பந்தியில அவங்கள ஒருத்தரையும் காணலையா?"

"ஒருத்தரும் வரல்ல. நாங்க ஒரு கிழமை, ஏழு நாளும் கோழி திண்டோம்."

அதற்கு மேல் மீசையால் தாங்க முடியவில்லை. அழகையா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நானா சிரிக்கவில்லை. முதல் தடவையாகத் தன்னுடைய பகிடிக்குத் தானே வேர்த்துப்போய் நின்றார்.

சிரித்து முடிந்ததும் அழகையா எழுந்து போய் ஒரு கடிதக் கோவையை எடுத்து வந்தார். உள்ளே நானாவின் கடிதம் துளை போட்டு, கயிறு கோத்து, வந்த தேதி குறித்து இருந்தது. சிவப்பு மையால் தலைப்பின் மேல் ஒரே கோடு, ரூலர் வைத்து இழுத்தார்.

"இங்க, ஓரத்துல, சின்னக் கையெழுத்து ஒண்ணு வைங்க. எழுதினவன் கையெழுத்து இல்லாத திருத்தம் செல்லாது."

நானா குனிந்து வைத்தார். அழகையா கடிதத்தை எடுத்து, தலைப்பைத் தாண்டி முதன்முதலாகக் கீழே வாசித்தார். ஓர் இடத்தில் அவருடைய விரல் நின்றது. எந்த இடம் என்று நானாவுக்குத் தெரியும். ஞாயிறு நீளமாக இருக்கிறது என்று எழுதிய இடம்.

"மன்னிப்பு ஏத்துக்கிட்டாச்சி," என்றார் அழகையா. "ஆனா மனசு ஆறல நானா."

"இன்னும் என்ன செய்யணும், சொல்லுங்க."

"நீங்க சிரிச்சதுக்கு இல்ல. மாத்தளையே சிரிச்சிச்சி. நான் ஏன் திங்கக்கெழம கீழ வந்தேன்? ஒங்களத் தேடித்தான் வந்தேன். ஏன் அழுதேன்னு ஒங்ககிட்டச் சொல்லத்தான் வந்தேன். கடையில இல்ல, சலூன்ல இருக்கீங்கன்னு மஸீஹாம்மா சொன்னாங்க."

நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏன் அழுதீங்க?" என்று கேட்டார். மிகவும் பிந்திக் கேட்கிற கேள்வி என்று அவருக்கே தெரிந்தது.

அழகையா அதே கோவையின் அடியிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். கொழும்பிலிருந்து வந்தது. இந்திய வம்சத்துத் தோட்டச் சனம் அப்போது இலங்கைப் பிரஜாவுரிமையை விண்ணப்பம் போட்டுத்தான் வாங்க வேண்டும்; அவர் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் அது.

"கூட்டத்துக்கு முந்தின நாள் தப்பால் பையில வந்திச்சி. பைய ஒடைக்கிறது நான்தானே. வந்த காயிதப் புத்தகத்துல நம்பர் போட்டுப் பதிஞ்சது நான்தான். ஆறு வருசமாப் பாத்துக்கிட்டிருந்தது. இல்லேன்னுட்டாங்க. நான் இந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல பொறந்தவன் நானா. எங்கப்பன் பொறந்த ஊரு பேரு கூட எனக்குச் சரியா வராது. அத வாசிச்சிட்டுத்தான் மேடையில ஏறினேன். 'இந்த மண்ணையே வீடாகக் கொண்ட'ன்னு தொரைக்காக எழுதியிருந்தேன். அத வாசிக்க முடியல."

நானா கடிதத்தைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்பு இங்கிலீசுக்கும் அது தெளிவாக விளங்கியது. ஒரு சொல் இடம் மாறவில்லை. தேதி, இலக்கம், குறிப்பு எல்லாம் போட வேண்டிய இடத்தில் போட்டிருந்தது. வருந்துகிறோம் என்பது அதற்குரிய இடத்தில் இருந்தது. இந்த நாட்டில் உனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, கீழே, 'ஐயா, தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார் அந்த அதிகாரி. முறைப்படி எழுதப்பட்ட கடிதம் என்றால் அதுதான்.

அதைப் பற்றி ஒரு பகிடி சொல்லலாம். வாய் எழும்பி வாசல் வரைக்கும் வந்தது. நானா அதைப் பிடித்து உள்ளே இருத்தினார். பிடிக்க முடியும் என்பதே அவருக்குப் புதிய செய்தி.

கடிதத்தை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்கள். கிருஷ்ணம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். வெளியே பனிக்குள் எங்கோ பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"கீழ போற பஸ்," என்றார் அழகையா.

நானா எழும்பினார். "நான் வாறேன்." வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார். ஒரு செருப்புக் கிடைத்தது. மற்றதைத் தேடிக்கொண்டிருக்கும்போது அழகையா கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். கையில் பை.

"கிருஷ்ணம்மா, நான் மாத்தளைக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"இப்பவா? பனி கொட்டுது."

"ஞாயித்துக்கெழமதானே."

பஸ்ஸில் பின்னால் இரண்டு இடம் இருந்தது. கண்டக்டர் வந்ததும் நானா சட்டைப் பைக்குள் கையை விட்டார். அழகையா அவர் கையைத் தட்டிவிட்டு, "ரெண்டு மாத்தள," என்றார். முதல் வளைவு திரும்பியதும் அவர் சொல்லத் தொடங்கினார். லயத்தில் பிறந்தது, அப்பன் மலேரியாவில் போனது, லாந்தர் வெளிச்சத்தில் இங்கிலீசு படித்தது. இருபது வருஷத்து ஞாயிறுகளில் சொல்ல இடம் கிடைக்காமல் போனதெல்லாம் வரிசையாக வந்தது.

இரத்தோட்டை வரும் வரைக்கும் ஹுசைன் நானா ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை.